புது கிட்டார் ஆம்ப், பிடித்த டோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்பை வாங்கப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "எந்த மாடல் வாங்கலாம்?" என்று தொடங்கி, "வாங்கிவிட்டேன், ஆனால் டோன் சரியில்லையே" என்பதில் வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போவது ஒன்று உண்டு: எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான் வரும்.

எத்தனை வாட் வாங்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக.

50 வாட்டைவிட 100 வாட் ஆம்ப் இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று பலரும் நம்புகிறார்கள். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல்தான். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 5 வாட் ஆம்புக்கும் 50 வாட் ஆம்புக்கும் உள்ள இடைவெளி அதுதான்.

ஸ்பீக்கரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்று ஸ்பீக்கர் விவரத்தில் போட்டிருப்பார்கள். 97 டெசிபெல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்பின் வாட்டையே இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அறைக்குள் தனியாக வாசிக்கும்போது உண்மையில் செலவாவது ஒரு வாட்டுக்கும் கீழே. பக்கத்தில் டிரம்ஸ் இருந்தால் 15 முதல் 22 வாட் வரையிலான ட்யூப் ஆம்ப் (கண்ணாடிக் குழாயான வால்வுகளால் ஒலியைப் பெருக்குவது) பெரும்பாலும் போதும். டிரான்சிஸ்டரால் பெருக்கும் சாலிட் ஸ்டேட் என்றால் 50-க்குக் குறையாமல் பாருங்கள். ட்யூப் வாட் பெரிய வாட், டிரான்சிஸ்டர் வாட் சின்ன வாட் என்று ஒரு பேச்சு உண்டு, அப்படியெல்லாம் இல்லை. ட்யூப் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது ஒலி மெல்ல நசுங்கி, கேட்க இதமாக உடைகிறது. அதனால் கடைசி வாட் வரை பிழிந்து வாசிக்கலாம். டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டதும் ஒலி அலையை அப்படியே வெட்டிவிடும், கரகரவென்று கேட்கும். அதை எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ட்யூப், சாலிட் ஸ்டேட், மாடலிங்: எதை எடுப்பது?

இதில் சண்டை ஓயவே ஓயாது. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு மாடலிங் ஆம்ப், நிறைய பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவி) வைத்துக்கொண்டு, ஒலி உடையாத சுத்தமான க்ளீன் டோன் தேடுபவருக்கு சாலிட் ஸ்டேட், ஆம்பைத் தாராளமாகத் திறந்துவிட இடமும் வாய்ப்பும் உள்ளவருக்கு ட்யூப்.

ட்யூப் ஆம்பின் அருமை விரலுக்குத்தான் முதலில் தெரியும். மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேசும், அழுத்தி அடித்தால் உறுமும், கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் மறுபடி தெளிந்துவிடும். ஆனால் அந்தக் குணத்தில் பெரும்பங்கு பவர் ட்யூபும் ஸ்பீக்கரும் உழைக்கும்போதுதான் வருகிறது. 40 வாட் ட்யூப் ஆம்பை வால்யூம் ஒன்றிலேயே வைத்து வாசித்தால், எடைக்கும் காசுக்கும் உரிய பலன் கிடைக்காது. சரி, அட்டெனுவேட்டர் வாங்கிச் சத்தத்தைக் குறைக்கலாமே என்பீர்கள். குறைக்கலாம். ஆனாலும் ஸ்பீக்கர் அசையும் அளவும் அறை அதிரும் அளவும் குறைந்துவிடும், அந்த சுகம் முழுதாக வராது.

டிரான்சிஸ்டர் என்றாலே மட்டம் என்பவர்களுக்கு ரோலண்ட் ஜேசி-120 ஒன்றே பதில். 1975-இல் வந்தது, ஒரு ட்யூப்கூடக் கிடையாது, ஒலியை இரட்டித்து அலைய விடும் ஸ்டீரியோ கோரஸ் எஃபெக்ட் உள்ளேயே இருக்கும். க்ளீன் டோன் என்றால் இன்றைக்கும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

மாடலிங் என்பது பழைய ஆம்ப்களின் நடத்தையைக் கணக்காக்கி ஒரு சிப்புக்குள் போட்டது. லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலிங் கருவி 1998-இல் வந்தபோது அது ஒரு விளையாட்டுப் பொருளாகத்தான் பலருக்குத் தெரிந்தது. இன்றைக்கு மேடையிலேயே அசல் ஆம்ப் இல்லாமல் சமாளிக்கிறார்கள். எடையையும் பாருங்கள்: ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் என்ற ட்யூப் ஆம்ப் ஏறத்தாழ 29 கிலோ. அதையே டிஜிட்டலாகச் செய்து 2019-இல் விட்ட டோன் மாஸ்டர் ட்வின் 15 கிலோ. மாடிப்படி ஏறியவர்களிடம் கேட்டால் எது நல்ல டோன் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. நூறு டோன் உள்ளே இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். நீங்கள் பயன்படுத்தப் போவது மூன்றோ நான்கோதான். அந்த நான்கும் நன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஃபெண்டர் டோன், மார்ஷல் டோன், வாக்ஸ் டோன் என்கிறார்களே, அப்படி என்ன வித்தியாசம்?

மாடலிங் ஆம்பில் "அமெரிக்கன்", "பிரிட்டிஷ்", "டாப் பூஸ்ட்" என்று எழுதியிருப்பதும் இந்த மூன்று ஆம்ப் நிறுவனங்களைத்தான். மற்றவர்களின் பெயரைப் போட முடியாது என்பதால் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்.

ஃபெண்டரில் பேஸும் (கீழ் ஒலி) ட்ரெபிளும் (மேல் ஒலி) எழுந்து நிற்கும், நடுப்பகுதியான மிட் சற்றே குழிந்திருக்கும். பளிச்சென்ற க்ளீன், மேலே எதிரொலி போன்ற ஸ்ப்ரிங் ரிவெர்ப். 22 வாட் டீலக்ஸ் ரிவெர்பில் 6வி6 ட்யூப்கள், 85 வாட் ட்வின் ரிவெர்பில் 6எல்6. டீலக்ஸ் கொஞ்சம் ஏற்றினாலே இனிமையாக உடையும். ட்வின் கடைசி வரை க்ளீனாகவே நிற்கும், அதற்குள் உங்கள் காது போய்விடும்.

மார்ஷலின் கதை சுவையானது. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடைக்காரர்கள் முதலில் செய்த ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் கிடைத்த பாகங்கள் வேறு, ட்யூப் வேறு, பின்பக்கம் மூடிய பெட்டிக்குள் செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். ஏறக்குறைய ஒரே சர்க்யூட், பிறந்ததோ வேறு பிள்ளை. நடுப்பகுதி முன்னால் வந்து, டிஸ்டார்ஷன், அதாவது ஒலி உடையும் கரகரப்பு, அடர்த்தியாகி, ராக் இசைக்கென்றே ஒரு குரல் கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரும் பெட்டியும் டோனை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வாக்ஸ் ஏசி30-இல் நான்கு இஎல்84 ட்யூப்கள். மேல் சுரங்கள் மணி போல ஒலிக்கும், கார்டு அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். முழு க்ளீனும் இல்லாமல் முழு டிஸ்டார்ஷனும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அதன் சொந்த இடம்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடையில் மாட்டி வைத்திருக்கும் உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். கேபிளும் உங்களுடையதாக இருந்தால் நல்லது.

முதலில் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணையுங்கள், முக்கியமாக ரிவெர்ப். குறைகளை மூடி மறைப்பதில் ரிவெர்பை மிஞ்ச ஆள் இல்லை. பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் நடுவில். க்ளீன் சேனலில் ஒரு திறந்த இ கார்டை அடித்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, அது தேயும் வரை கேளுங்கள். கடைசி நொடிகளில் ஒலி சீராக மங்குகிறதா, விட்டு விட்டுப் பொரிகிறதா? ஆம்பின் தரம் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் வால்யூம் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மிக மெதுவாகத் திருப்புங்கள். சில ஆம்ப்களில் ஒன்று வரை ஒன்றுமே வராது, ஒன்றரையில் திடுக்கென்று அறையே அதிரும். வீட்டில் வாசிப்பவருக்கு இது தினசரித் தலைவலி, ஆனால் எந்த விமரிசனத்திலும் எழுதமாட்டார்கள். வீட்டில் வாசிக்கும் சத்தத்திலேயே கால் மணி நேரமாவது வாசியுங்கள். கடைக்காரர் சத்தத்தை ஏற்றிக் காட்டுவார், பிரமாதமாக இருக்கும். அந்தப் பிரமாதம் உங்கள் வீட்டுக்கு வராது.

ஒலியை உடைக்கும் ஓவர்டிரைவ் சேனலுக்கு வந்ததும் கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்துப் பாருங்கள். டிஸ்டார்ஷன் வடிந்து தெளிந்தால் நல்ல ஆம்ப். சத்தம் மட்டும் குறைந்து அழுக்கு அப்படியே நின்றால் யோசியுங்கள். கடைசியாகக் குனிந்து, உங்கள் காதை ஸ்பீக்கரின் உயரத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை கேளுங்கள்.

கடையில் இனித்தது வீட்டில் ஏன் சப்பென்று இருக்கிறது?

பெரும்பாலும் ஆம்ப் மேல் தப்பில்லை. சத்தம் குறையும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் கூடுதலாகத் தவறவிடுகிறது. பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். ஆகவே மெல்லிய சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் ஏற்றி வைப்பது குற்றமே இல்லை. சத்தத்தைக் கூட்டும்போது திரும்ப இறக்க மறக்காதீர்கள்.

அடுத்தது இடம். ஆம்பைச் சுவரின் மூலையில் வைத்தால் பேஸ் பெருகிக் குழறும். ஒரு முழம் முன்னால் இழுத்தாலே தெளிவு வரும். இன்னொன்று, கிட்டார் ஸ்பீக்கரின் மேல் சுரங்கள் டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் போகும். ஆம்ப் தரையில் இருந்து நீங்கள் நின்று வாசித்தால், ட்ரெபிள் எல்லாம் உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். "மந்தமாக இருக்கிறதே" என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள்; எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள். செலவில்லாத டோன் மாற்றம் இதுதான்.

குமிழ்களை எங்கே வைத்துத் தொடங்குவது?

எல்லாம் நடுவில், கெயின் அதற்கும் கீழே.

பாரம்பரிய ஆம்ப்களில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும். அவை எதையும் கூட்டுவதில்லை. குறைப்பதை எவ்வளவு குறைப்பது என்பதுதான் கணக்கு. அதனால்தான் ட்வின் ரிவெர்ப் போன்ற ஃபெண்டர் ஆம்பில் மூன்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் சத்தமே நின்றுவிடும். நடுவில் வைத்தால் சமநிலை என்றும் அர்த்தமில்லை. அந்த வகை ஆம்பில் ஓரளவு சமமாக வர வேண்டுமானால் மிட்டைப் பத்துக்கு ஏற்றி, மற்ற இரண்டையும் இரண்டு மூன்றுக்கு இறக்க வேண்டியிருக்கும். எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பத்தில் வைத்து நன்றாகக் கேட்டால் பத்துதான் சரி.

நான் போகும் வரிசை: முதலில் மிட். அதை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பி, கிட்டார் "பேசுகிற" இடத்தில் நிறுத்துவேன். பிறகு பேஸ், தடித்த கம்பி பொதபொதவென்று ஆகும் வரை ஏற்றி, அங்கிருந்து சற்று இறக்குவேன். ட்ரெபிள் கடைசி. பிரசென்ஸ் குமிழ் இருந்தால் அது பவர் ஆம்ப் பகுதியில் வேலை செய்வது, உச்ச சுரங்களின் கூர்மைக்கு. டோன் அமைந்த பிறகே அதைத் தொடுங்கள்.

கெயினும் மாஸ்டர் வால்யூமும் குழப்புகின்றனவா? கெயின் முன்பகுதியை எவ்வளவு திணறடிப்பது என்பதற்கு, மாஸ்டர் அந்த ஒலியை எவ்வளவு வெளியே விடுவது என்பதற்கு. கெயினை ஏற்றினால் சத்தமும் ஏறுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். போதும் என்று தோன்றுமிடத்திலிருந்து கெயினை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். கார்டில் உள்ள சுரங்கள் பிரிந்து கேட்கும்.

தனியாக வாசித்தால் அபாரம், குழுவோடு சேர்ந்தால் கிட்டார் காணாமல் போகிறது. ஏன்?

மிட்டை வெட்டியிருப்பீர்கள். தனியாகக் கேட்கும்போது மிட் இல்லாத டோன் பிரம்மாண்டமாக இருக்கும். குழுவில் கீழே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் உட்கார்ந்திருக்கும், மேலே சிம்பல். கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். அதையும் விட்டுக்கொடுத்தால் எங்கே போய் நிற்பது? பேஸ், கெயின், ரிவெர்ப் மூன்றையும் குறைத்து மிட்டை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பாடுவது போல இருக்கும், குழுவில் கச்சிதமாக உட்காரும்.

ரெக்கார்டில் கேட்கும் டோன் எனக்கு வரவே மாட்டேன் என்கிறதே?

நீங்கள் கேட்பது ஆம்பை அல்ல, ஸ்பீக்கரை ஒட்டி வைத்த மைக்கை. ஷ்யூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் மையத்திலிருந்து ஓரத்துக்கு விரல் அகலம் நகர்த்தினாலே டோன் மாறிவிடும். அதே ரிஃபை (சிறு இசைத்துணுக்கை) இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் போட்டிருப்பார்கள். "கனமான கிட்டார்" என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டாருடையது. கெயினும் நாம் ஊகிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மிச்சம் கை. சமையலில் கைமணம் என்பார்களே, அதேதான். பிக்கைப் பிடிக்கும் கோணம், ப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அடிக்கிறீர்களா கழுத்துக்குப் பக்கத்திலா, கம்பியை அழுத்தும் பலம் எல்லாமே ஆம்புக்குள் போகும் முன்பே டோனைத் தீர்மானித்துவிடுகின்றன.

பெடல்களை எங்கே இணைப்பது?

ஓவர்டிரைவ், வா-வா, கம்ப்ரஸர் பெடல்கள் எல்லாம் ஆம்புக்கு முன்னால். டிலே, ரிவெர்ப் இரண்டும், டிஸ்டார்ஷனை ஆம்பிலேயே எடுப்பவராக இருந்தால், எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் உள்ள இணைப்பு). இல்லையென்றால் எதிரொலியும் சேர்ந்து டிஸ்டார்ஷனாகிக் கூழாகும். க்ளீன் ஆம்ப் என்றால் எல்லாவற்றையும் முன்னாலேயே மாட்டலாம்.

ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் ஆம்புக்கு முன்னால், டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி வைத்துப் பாருங்கள். கீழ்ப்பகுதியை வெட்டி நடுப்பகுதியைத் தள்ளிக்கொடுக்கும். மந்தமான ஆம்பும் இறுகிப் பேசும். மெட்டல் வாசிப்பவர்கள் இதை விடுவதே இல்லை.

ஹெட்ஃபோனில் டிஸ்டார்ஷன் ஏன் கொசு ரீங்காரம் போல இருக்கிறது?

கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை ஏறக்குறைய விட்டுவிடும். ஹெட்ஃபோன் விடாது. அதனால் ஸ்பீக்கரைப் போல வடிகட்டும் கேப் சிமுலேஷன் அந்த ஹெட்ஃபோன் துளையில் உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

ஹம் சத்தம் நிற்கவில்லை. ஆம்ப் பழுதா?

கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆம்ப் குற்றவாளி இல்லை. கிட்டாரில் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) இருந்தால் மின்சார வயர்களிலிருந்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மை அது இழுத்துக்கொள்ளும். திசை மாறி உட்கார்ந்தால் குறையும். ஹம் போக வேண்டும் என்று ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உயிரோடு விளையாடும் வேலை அது.

பழைய ட்யூப் ஆம்ப் ஒன்று வருகிறது. எதையெல்லாம் பார்ப்பது?

பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜை முதலில் பாருங்கள். 120 வோல்ட் ஆம்பை 230-இல் செருகினால் அதோடு கதை முடிந்தது. அடுத்து ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு): ஆம்பின் துளையில் 4, 8, 16 என்று எது போட்டிருக்கிறதோ அதே ஓம் ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் ட்யூப் ஆம்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரிய விஷயமில்லை, சுத்தம் செய்தால் போகும். பவர் ட்யூப் தேயும் பொருள், மாற்றிக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் யோசியுங்கள்.

திறந்து பார்க்கும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு மேலேகூடத் தேக்கி வைத்திருக்கும். தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள்.

டோனை மாற்ற ட்யூபை மாற்றலாமா, ஸ்பீக்கரையா?

ஸ்பீக்கரை. ட்யூபுக்கு ட்யூப் வித்தியாசத்தைக் கேட்க உற்றுக் கவனிக்க வேண்டும்; ஸ்பீக்கர் மாறினால் பக்கத்து அறையில் இருப்பவரே சொல்வார்.

பேஸ் கிட்டார், அகூஸ்டிக் கிட்டாரையும் இதிலேயே மாட்டலாமா?

பேஸை மெதுவாக வாசித்தால் பரவாயில்லை, ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும். அகூஸ்டிக் மாட்டினால் ஒன்றும் கெடாது, ஆனால் மேல் சுரங்களின் மினுமினுப்பு வராது. அதற்கு ட்வீட்டர் உள்ள ஆம்ப் வேண்டும்.

வீட்டில் அமைத்த டோன் வேறு இடத்தில் மாறிப்போகிறதே?

மாறத்தான் செய்யும்; அறை வேறு, ஆட்கள் வேறு, சத்தம் வேறு. டோன் அமைந்த அன்றே குமிழ்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் அதே அமைப்பில் தொடங்கி, முதலில் பேஸை மட்டும் சரிசெய்யுங்கள், பெரும்பாலும் கெடுவது அதுதான். நீளமான கேபிள் இருந்தால் போட்டுக்கொண்டு, ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஆட்கள் உட்காரும் இடத்தில் போய் நின்று கேளுங்கள். ட்ரெபிளை எங்கே நிறுத்துவது என்பதை அங்கிருந்து முடிவு செய்யலாம்.